கரை பார்த்து நின்றவை

வெள்ளம் ஏறி நின்ற மாலையில், மணல் திட்டில் இருந்த அத்தனை பறவைகளும் கடலைப் பார்த்து நிற்க, ஓர் உள்ளான் மட்டும் கரையைப் பார்த்து நின்றது.

இதில் என்ன இருக்கிறது, குருவி எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்பவர்கள் தெங்கேரா கரையில் ஒரு மாலைகூட நின்று பார்க்காதவர்கள். வெள்ளம், அதாவது கடலின் ஓதம், ஏறினால் கரைச் சேறு மூழ்கிவிடும். அதுவரை சேற்றில் இரை கொத்திக்கொண்டிருந்த உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் மேட்டு மணலில் ஒண்டிக்கொள்ளும். ஒண்டும்போது ஒன்று விடாமல் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் நிற்கும். முதுகைக் காட்டினால் இறகு பிரிந்து குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். மாலைக் காற்று கடலிலிருந்து வருவது. ஆகவே மாலையில் முகம் கடலுக்கு. முந்நூறு இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும் இதுதான் சட்டம். பொன்னுதுரை பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறான், ஒரு குருவியும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்த ஒன்றின் முதுகு இறகு காற்றில் விரிந்து, உள்ளே வெளிறிய தோல் தெரிந்தது. ஒற்றைக் காலில் நின்றது. அதன் மூக்கு நேராக அவனை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. நோய் கண்ட குருவியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு எண்ணி முடித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்குப் போனான்.

சண்டைக்கு முன்னால் அவன் காட்டு இலாகாவில் பியூன். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குக் கரைப்பறவைப் பைத்தியம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வெள்ளம் ஏறும் நேரத்தில் போய் எண்ணி வா என்று இவனை அனுப்புவார். சம்பளத்தில் சேராத வேலை. ஆனால் பொன்னுதுரைக்கு அது பிடித்துப் போயிற்று. வலது பையில் கிளிஞ்சல் நிறைத்துக்கொள்வான். பத்து குருவிக்கு ஒரு கிளிஞ்சல் இடது பைக்கு மாறும். மிச்சத்துக்கு விரல். பறவை எண்ணுகிறவனுக்கு இரண்டே விதிதான். பார்க்காததை எண்ணாதே. பார்த்ததைக் குறைக்காதே. ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடிப் போனார், குருவி போகவில்லை. எண்ணச் சொன்ன ஆளே இல்லாத கணக்கை இவன் தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். பைத்தியம் துரையை விட்டு இவனைப் பிடித்துக்கொண்டது என்று அவன் குடியிருந்த காஜா பெராங்கில் சிரித்தார்கள்.

அந்தப் பைத்தியமே அவனைக் காப்பாற்றவும் செய்தது. கரைக்கு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு வந்தபோது, கரையைத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது. கரை ஒதுங்கும் மரம், படகு, பிணம் எதுவானாலும் சொல்ல வேண்டும். சந்துத் தலைவர் தேவதாஸ் இவன் பெயரைக் கொடுத்தார். தேவதாஸ் முன்பு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், எழுத்து வேலை தெரிந்தவர் என்று ஜப்பான்காரன் தலைவராக்கி வைத்திருந்தான். பொன்னுதுரையின் கையில் ஒரு வெள்ளைப் பட்டை ஏறியது. தொண்டூழியர் என்று அதற்குப் பெயர். தினம் மாலை தெங்கேராவிலிருந்து லிம்போங்கான் வரை நடந்து பார்த்து வரவேண்டும். பட்டை போட்டவனை வேறு வேலைக்கு இழுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் சரிதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நடந்தது ஆனி மாதத்தில்.

தேவதாஸ் ஒரு காகிதத்தோடு பொன்னுதுரை வீட்டு வாசல் நடைபாதையான அஞ்சடியில் வந்து உட்கார்ந்தார். "பொன்னுதுரை, நம்ம சந்துல வேலைக்கு ஆகுற ஆம்பளைங்க எத்தனை பேரு இருப்பாங்க? குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லுலா, எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."

குத்துமதிப்பு என்ற சொல் பொன்னுதுரைக்குப் பிடிக்காது. எண்ணத் தெரியாதவன் சொல்லும் சொல் அது. அவன் கண்ணை மூடிச் சந்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மனத்தில் நடந்தான். வீடு வீடாக, தலை தலையாக. கணக்கு எதற்கு என்று கேட்கவே தோன்றவில்லை.

"பதினொண்ணு" என்றான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த சந்துக்காரன் நாலோ அஞ்சோ என்றானாம், நாலு பேரைத்தான் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த சந்தில் எல்லாரும் கிழவர்கள் என்றார்களாம். இவன் சந்தில் மட்டும் விடிகாலையில் லோரி வந்து பதினொரு பேரையும் எண்ணி ஏற்றியது, சயாமில் ரயில் பாதை போட. அவர்களுக்கும் தொண்டூழியர் என்றுதான் பெயர் சொன்னார்கள். பதினொன்றாவது ஆள் அவனுடைய தம்பி சுப்பையன். கல்யாணமாகி எட்டு மாதம்.

"அண்ணே, வேணியப் பாத்துக்கண்ணே!" லோரி திரும்பும்போது சுப்பையன் கத்தினான். அதற்குப் பிறகு பொன்னுதுரைக்குள் ஏதோ மரத்துப் போனது. அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்பதும் கட்டையைக் கடிப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. தம்பி மனைவி கமலவேணி வீட்டுக்குள் படுத்துக்கொள்வாள். மனைவி இல்லாத இவன் அஞ்சடியில் பாயை விரித்துக்கொள்வான். மாலையில் கரையிலிருந்து திரும்பியதும் கதவுக்கு உள்ளிருந்தே அவள் கேட்பாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏதாச்சும் சேதி உண்டா மாமா?"

"இல்லம்மா."

கரை பார்த்த உள்ளானைக் கண்ட மூன்றாம் நாள், தேவதாஸ் கரைக்கே வந்தார். சவுக்கு மரத்தடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சயாம்ல நம்ம சேதுராமன் போயிட்டான். காலராவாம். ஆபீஸுல ஒரு தாள்ல பேரைப் பாத்தேன். வெளிய சொன்னா என் தலை போயிரும். பொம்பளைங்ககிட்ட மூச்சு விடாத."

"எப்பவாம்?"

தேவதாஸ் தேதியைச் சொன்னார். அது அந்தக் குருவி திரும்பி நின்ற நாள்.

பொன்னுதுரை தலையாட்டினான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று வைத்துக்கொண்டான். திட்டைப் பார்த்தான். அது அதே இடத்தில் நின்றது. மூன்று நாளாக அதே ஒற்றைக் கால்.

ஐப்பசி அமாவாசை வெள்ளத்தில் மூன்று நின்றன. கடலுக்கு முதுகு, கரைக்கு முகம். மற்றப் பறவைகள் அவற்றுக்கு ஒரு முழம் இடம் விட்டு ஒதுங்கியிருந்தன. பருந்தின் நிழல் ஒன்று ஓட, திட்டு முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து, கடல் மேல் வளைந்து, வெள்ளை வயிறு காட்டித் திரும்பி வந்து இறங்கிற்று. மூன்றும் எழவில்லை. பெருங்கூட்டம் எழுந்த காற்றில் அவற்றின் இறகுகூட அசையவில்லை. அன்று அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். கால்களில் சேறு ஒட்டியிருந்தது. தெங்கேரா சேறு சாம்பல் நிறம். இது சிவப்பு. காட்டை வெட்டி மலையைக் குடைந்த இடத்தில் வருமே, அந்தச் சிவப்பு. வாடையும் கடல் வாடையாக இல்லை. மழையில் ஊறிய கட்டையின் வாடை, அதற்கு அடியில் சுண்ணாம்பு, அதற்கும் அடியில் என்ன என்று மூக்கு சொல்ல மறுத்தது.

எட்டு நாள் கழித்து தேவதாஸ் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் பொன்னுதுரை கேட்டுவிட்டான்.

"ரெண்டு பேரா?"

தேவதாஸின் முகம் வெளுத்தது. "உனக்கு எவன் சொன்னான்?"

"யாரு யாருன்னு மட்டும் சொல்லுங்க கிராணி."

"அப்பாசாமி. அப்புறம் கடைசி வீட்டுத் தியாகு." அவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ யாரையாச்சும் பாத்தியா? சயாம்லேந்து யாராச்சும் தப்பிச்சு வந்தானா?"

"இல்ல. குருவிதான் வந்துச்சு" என்றான். அடுத்த தடவையிலிருந்து தேவதாஸ் கரைக்கு வருவதை நிறுத்திவிட்டு, சந்து முனையில் நின்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் குழாயடியில் அப்பாசாமியின் மனைவி பாக்கியலட்சுமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை நிறுத்தினாள். பாவம், தலையில் எண்ணெய் இல்லாவிட்டாலும் நெற்றியில் பொட்டை மறக்காதவள். "அண்ணே, நீங்கதான் தெனம் கடலப் பாக்குறீங்க. சயாமுக்குப் போனவங்களக் கப்பல்ல கொண்டாந்து எறக்குறாங்களாமே, நெசமா? எங்க வீட்டு ஆளு வந்தா அடையாளம் தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்" என்றான் பொன்னுதுரை.

"மொத சேதி எனக்குத்தான் சொல்லணும், ஆமா!" என்று சிரித்தாள். அவன் தலையாட்டினான். நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. இப்படிக்கூட ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று யோசித்தான். இருக்க முடிந்தது.

கார்த்திகையில் ஐந்து. மார்கழிப் பௌர்ணமியில் எட்டு. எட்டும் மணல் திட்டில் இல்லை. வெள்ளம் ஏறும் எல்லையைத் தாண்டி, காய்ந்த பாசியும் தேங்காய் மட்டையும் கிடக்கும் இடத்துக்கு ஏறிவிட்டிருந்தன. உள்ளான் அங்கே வராது. அங்கே அதற்கு என்ன இரை இருக்கிறது? ஆனால் நின்றன. தண்ணீர் தொடாத இடத்தில் நின்றும் அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, காலடி மணல் கறுத்துக் குழிந்திருந்தது.

தை பிறந்தபோது பத்து.

அன்று அவன் எண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தேவதாஸ் சொல்லியிருந்த பெயர்கள் ஒன்பது. பத்தாவது யார்? அதை அறிய அவன் ஆறு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு நாளும் இரவில் அஞ்சடியில் படுத்தபடி, கதவுக்கு அந்தப் பக்கம் கமலவேணி புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். ஏழாம் நாள் தேவதாஸ் சந்து முனையில் வந்து ஒரு பெயரைச் சொன்னார். சுப்பையன் இல்லை. மூன்றாம் வீட்டு மாப்பிள்ளை.

"இனி உன் தம்பி ஒருத்தன்தான்யா" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. "ஒத்த ஆளாவது வந்து சேரட்டும்."

அந்தச் சொல் பொன்னுதுரைக்குள் எங்கோ பட்டது. மரத்த காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது ஊசி குத்துமே, அப்படி வலித்தது. ஒத்த ஆள். பதினொன்றாவது குருவி நிற்காத வரையில் சுப்பையனுக்கு உயிர் இருக்கிறது. அவ்வளவுதான். உலகத்தில் வேறு எதுவும் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. என் வாயால் கெடுத்தேன்; அந்த ஒருவனையாவது திருப்பிக் கொடு, முருகா, சன்னாசி மலையில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டான்.

பிறகு அமாவாசை, பௌர்ணமி என்று பார்க்கவில்லை. தினமும் எண்ணினான். பத்து. பத்து. பத்து. ஒரு நாள் தாங்காமல் கல்லெடுத்து வீசினான். கூட்டம் அலறி எழுந்தது. கல் பத்தில் ஒன்றின் மேல் பட்டது. பறவை உடம்பில் பட்ட சத்தம் அல்ல. ஈரக் கோணியில் பட்டது போலத் தடித்த சத்தம், ஆள் உயரத்திலிருந்து கேட்டது. குருவி அசையவில்லை. கல் அதன் முன்னால் விழுந்தது.

அவன் மறுபடி கல் எடுக்கவில்லை.

மாசி முழுவதும் பத்துதான். பங்குனியும் வந்துவிட்டது. தெங்கேரா தார்ச் சடக்கோரம் தேநீர்க் கொட்டகை வைத்திருந்த அப்துல் அஜீஸ், சோளத்தை வறுத்துப் போட்ட கறுப்புத் தண்ணீரை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தபடி ஒரு நாள் சொன்னார்: "முகத்துல இப்பதான் கொஞ்சம் ரத்தம் தெரியுது தம்பி உனக்கு." உண்மைதான். கிழங்கு இனித்தது. காலையில் கம்போங் செட்டிக் கோயில் மணி கேட்டால் எழுந்து கும்பிடத் தோன்றியது. கமலவேணி ஒரு சாயங்காலம் கதவைப் பாதி திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்காமல், "அவரு வந்துருவாருல்ல மாமா?" என்றாள்.

"வருவான்" என்றான். இந்த முறை அது பொய்யாகத் தோன்றவில்லை.

அந்தப் பங்குனிப் பௌர்ணமி அன்று கரையில் இறங்கியதும் அவன் கண் நேராக மேட்டுக்குப் போனது. பாசி கிடந்தது. மட்டை கிடந்தது. பத்து குழிகள் கிடந்தன.

குருவிகள் இல்லை.

மணல் திட்டுக்கு ஓடினான். இருநூற்று அறுபது பறவைகள், ஒன்றுகூடத் தப்பாமல், முகம் கடலுக்கு. அவன் இரண்டு தடவை எண்ணினான். மூன்று தடவை எண்ணினான். கரை பார்த்தது ஒன்றும் இல்லை. பங்குனியில் கரைப்பறவைகள் வடக்கே திரும்பும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அவையும் போய்விட்டன! வடக்கே, எங்கிருந்து வந்தனவோ அங்கேயே. பத்தோடு போயிற்று. பதினொன்று ஆகாமலே போயிற்று. பொன்னுதுரை ஈர மணலில் மண்டியிட்டு வாய்விட்டு அழுதான், ஒன்பது மாதத்துக்குச் சேர்த்து. அழுது முடித்தபோது சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. ஜப்பான் நேரப்படி மணி எட்டரை இருக்கும், கண்ணுக்கோ அப்போதுதான் அந்தி.

கிளிஞ்சல்களை மணலில் கொட்டினான். இனி எண்ண வேண்டாம். வேணியிடம் எதையாவது சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் என்று வேகமாகச் சடக்கில் ஏறினான்.

அப்துல் அஜீஸ் கொட்டகையின் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா, ஒன் குருவியெல்லாம் ஊருக்குள்ள குடி போவுதா?" என்றார்.

"என்ன பாய்?"

"இப்பதான் போச்சு. பறக்கக்கூட இல்ல. வரிசையா நடந்து சடக்கத் தாண்டுச்சு. பசியில என் கண்ணுதான் மயங்குதோன்னு பாத்தேன், இந்தா பாரு தடம்."

தார்ச் சடக்கின் குறுக்கே ஈரத் தடங்கள். மூன்று விரல். சிவப்புச் சேறு.

"எத்தனை போச்சு பாய்?"

"யாரு எண்ணுனா? பத்துப் பன்னெண்டு இருக்கும், குத்துமதிப்பா."

பொன்னுதுரை நடந்தான். நடக்கவில்லை, ஓடினான். தடம் சடக்கோரமாகவே போனது. வண்டிக்கு ஒதுங்கியது போல ஓரமாக, ஒன்றன் பின் ஒன்றாக. வழியில் எந்த வீட்டிலும் நிற்கவில்லை. எந்தச் சந்திலும் தடுமாறவில்லை. விளக்கை மூடி வைக்க வேண்டும் என்ற உத்தரவால் வீடுகள் இருண்டிருந்தன. காற்று கிடுகில் உரசும் சத்தமும், எங்கோ குழந்தை ஒன்று பசிக்கு அழும் சத்தமும், அவன் செருப்பின் அடியில் சேறு பிசுபிசுக்கும் சத்தமும் தவிர வேறு ஓசை இல்லை. காஜா பெராங்குக்குத் திரும்பும் இடத்தில் தடங்கள் திரும்பின. அங்கே மண் பாதை. மண்ணில் தடம் நன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையாகப் பிரிந்து தெரிந்தது.

எண்ணக் கூடாது என்று நினைத்தான். கண் எண்ணிற்று.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழு. எட்டு.

பத்து.

பத்தாவது வரிசைக்குச் சற்று பின்னால் இன்னொன்று இருந்தது. புதியது. அதில் ஈரம் அதிகம்.

பதினொன்று.

நிலவு ஏறியிருந்தது. சந்துக்குள் நுழைந்ததும் அவன் நின்றுவிட்டான். அவை வீட்டுக்கு ஒன்றாக நின்றன. சேதுராமன் வாசலில் ஒன்று. அப்பாசாமி வாசலில் ஒன்று. தியாகு வீட்டில் ஒன்று. கதவைப் பார்த்து. ஒற்றைக் காலில். சந்து முழுக்க அந்த வாடை. ஊறிய கட்டை. சுண்ணாம்பு.

அவன் வீட்டு அஞ்சடியில், அவன் பாயை விரிக்கும் இடத்தில், பதினொன்றாவது நின்றது.

சுப்பையா.

கத்த வேண்டும். எல்லாக் கதவையும் தட்டி, திறக்காதீங்க என்று கத்த வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், எத்தனை நாளாய்த் தெரியும் என்று கேட்பார்கள். யார் சொன்ன கணக்கில் போனார்கள் என்றும் கேட்பார்கள். வாய் திறந்தது. குரல் வரவில்லை. மரப்பு திரும்ப ஏறிற்று. காலிலிருந்து, இடுப்பு, நெஞ்சு.

தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பாக்கியலட்சுமியின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"ஐயோ!" என்றாள் அவள். பயத்தில் அல்ல. "ஐயோ, வந்துட்டீங்களா! என் சாமி!"

அடுத்த கதவு. அடுத்தது. சந்தின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. "எப்படி எளச்சிட்டீங்க!" "உள்ள வாங்க, உள்ள வாங்க." "கால் எல்லாம் சேறு பாருங்க." ஒன்பது மாதமாய்க் கேட்காத சிரிப்பு. வாசலுக்கு வாசல். எந்தப் பெண்ணும் கீழே தரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து, ஆள் உயரத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். விலகி வழி விட்டார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. ஒன்றன் பின் ஒன்றாகச் சிரிப்பு நின்றது.

அவன் வீட்டுக் கதவு கடைசியாகத் திறந்தது.

கமலவேணி கையில் விளக்கோடு நின்றாள். மேலே பார்த்தாள். பிறகு முகம் முழுதும் மலர்ந்தது. கல்யாணப் பந்தலில்கூடப் பொன்னுதுரை அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"மழையில நனஞ்சா வந்தீங்க?" என்றாள்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவள் விளக்கை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை இழுத்தாள். கை நீட்டி, எதுவும் இல்லாத இடத்தில் தலை துவட்டினாள். காதோரம். கழுத்து. துண்டு நனைந்தது. சிவந்தது. பலகையில் சொட்டியது. அவள் காலடியில், ஒற்றைக் காலில், அது.

"வேணி" என்றான் பொன்னுதுரை. மூச்சுதான் வந்தது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு.

"மாமா, ஏன் அங்கயே நிக்குறீங்க? வந்து பாருங்க, யாரு வந்துருக்காருன்னு! உங்களத்தான் கேக்குறாரு."

சொல்லிக்கொண்டே துண்டை உதறி, கணவன் தோளில் போடுவது போல வெறும் இடத்தில் போட்டுவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே ஓடினாள்.

துண்டு கீழே விழவில்லை.